மொழிகளுக்கு இடையே பகிர் தொகுப்பு மாற்றம்

ஒரு நிரல்மொழியில் எழுதிய நிரல், வேறொரு மொழியில் எழுதிய செயற்கூறை அழைத்து, தன்னிடமுள்ள பட்டியலையோ அணியையோ அகராதியையோ அதன் கையில் கொடுக்கும்போது, வாங்கிய மொழி அதைத் திருத்துவது பகிர் தொகுப்பு மாற்றம் எனப்படும். திருத்தம் கொடுத்தவருக்குத் தெரியுமா, தொகுப்பு இருக்கும் நினைவகத்துக்கு யார் பொறுப்பு, வேலை பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பவை இதில் எழும் கேள்விகள். ஒரே மொழிக்குள் என்றால் அம்மொழியின் இலக்கணமே விடை சொல்லிவிடும். மொழி எல்லையைத் தாண்டினால் இலக்கணம் இரண்டு; எது செல்லும் என்பதை நடுவில் நிற்கும் இணைப்பு முறைதான் சொல்ல வேண்டும்.

திருப்பூர் வாசகருக்கு இது புதிய சிக்கல் அல்ல. பனியன் கம்பெனி நூலை வாங்கி நிட்டிங்குக்கு அனுப்புகிறது. பின்னி வந்த துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கிருந்து காம்பேக்டிங், பிறகு கட்டிங் மேசை, பவர் டேபிள், செக்கிங். எத்தனை கை மாறினாலும் சரக்கு கம்பெனியுடையதுதான். கூடவே போகும் டி.சி. (டெலிவரி சலான்) அதைத்தான் சொல்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவும் இந்த ஏற்பாட்டை ஒப்புக்கொண்டு, ஜாப் ஒர்க்குக்குப் போன உள்ளீட்டுப் பொருள் ஓராண்டுக்குள் திரும்பவில்லை என்றால் அனுப்பிய நாளிலேயே கைமாற்றிவிட்டதாகக் கொள்கிறது. சாயப்பட்டறை மாற்றுவது கம்பெனியின் அதே துணியை. சாம்பிள் கதை வேறு. ஒப்புதலான சாம்பிள் பையரிடம் ஒன்றும் கம்பெனியில் ஒன்றுமாக இருக்கும். மெர்ச்சண்டைசர் தன் கையிலுள்ள பீஸின் கழுத்து ரிப்பைப் பிரித்து வேறு வைத்துத் தைத்தாலும் பையரிடம் இருக்கும் பீஸ் மாறாது. முதலாவது நேர்ப் பகிர்வு, இரண்டாவது நகல். இருமொழி நிரல்களில் வரும் பிழைகளில் பல, துணி அனுப்பியதாக ஒரு மொழியும் சாம்பிள் வந்ததாக மற்ற மொழியும் நினைத்துக்கொள்வதால் வருபவையே.

தொடக்க வரலாறு

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் உருவாக்கி 1957-இல் வெளிவந்த முதல் ஃபோர்ட்ரானில், தனியே எழுதித் தனியே தொகுக்கும் துணைநிரல் கிடையாது. 1958-இன் ஃபோர்ட்ரான் 2 அந்தக் குறையைத் தீர்த்தது. சப்ரொட்டீன், கால், காமன் என்னும் கூற்றுகள் வந்தன. துணைநிரலை ஃபோர்ட்ரானில்தான் எழுத வேண்டும் என்றில்லை. அசெம்பிளி மொழியில் எழுதியதையும் இணைக்கலாம். ஆகவே உயர்நிலை மொழி ஒன்று வேறு மொழிக்குத் தன் அணியைக் கொடுத்து வாங்கும் பழக்கத்தின் தொடக்கத்தை இங்கே வைப்பது பொருந்தும்.

அன்றைய தொகுப்பிகள் பெரும்பாலும் அணியின் முகவரியையே அனுப்பின. நினைவகம் அரிது, நகல் எடுக்க இடமில்லை. முகவரி கிடைத்தவர் அங்கே எதை எழுதினாலும் அது கொடுத்தவரின் சரக்கில்தான் விழுந்தது. இதன் விபரீதத்துக்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. 2 என்ற மாறிலியைத் துணைநிரலுக்கு அனுப்பி, உள்ளே அதை 3 என்று மாற்றினால், சில பழைய தொகுப்பிகளில் அதற்குப் பிறகு நிரல் முழுவதும் 2 என்று எழுதிய இடமெல்லாம் 3 ஆகிவிடும். பின்னாளில் வந்த ஃபோர்ட்ரான் தரநிலைகள் முகவரி அனுப்புவதையும், நகலெடுத்து உள்ளே அனுப்பி முடிவில் திரும்ப எழுதுவதையும் இரண்டையுமே அனுமதித்தன. நிரலாளர் எதையும் நம்பியிருக்கக் கூடாது என்பது இதன் உட்பொருள். நிரலாளர்கள் முகவரியையே நம்பினார்கள்.

காமன் கூற்று இன்னும் வெளிப்படையானது. நினைவகத்தில் ஒரு பகுதிக்கு அது பொதுச்சொத்து என்று பெயரிட்டுவிடும். ஒரு துணைநிரல் அதில் முதல் பத்து இடங்களை எடை என்று அழைக்கலாம்; இன்னொன்று அதே பத்தை ஐந்து எடை, ஐந்து விலை என்று பிரிக்கலாம். யாரும் தடுக்கமாட்டார்கள்.

1960-இன் அல்கால், மதிப்பை அனுப்புதல், பெயரை அனுப்புதல் என்று இரண்டைப் பிரித்துப் பேசியது. கோபால் மொழியில் அழைக்கப்படும் நிரலின் லிங்கேஜ் பகுதி, அழைத்தவரின் நினைவகத்தின் மேல் விரித்த விரிப்பு போன்றது. 1985-இன் தரநிலையில்தான் உள்ளடக்கத்தை மட்டும் அனுப்பும் வழி சேர்ந்தது. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி 1972 வாக்கில் உருவாக்கிய சி மொழியில் அணியைக் கொடுத்தால் போவது அதன் முதல் உறுப்பின் முகவரி மட்டுமே. எத்தனை உறுப்புகள் என்பது கூடப் போகாது. எண்ணிக்கையைத் தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். ரோல் கணக்கு எழுதாத டி.சி. என்று சொல்லலாம். இத்தனை மொழிகளும் பிற்காலத்தில் ஒன்றையொன்று அழைக்க சி மொழியின் மரபையே பொதுவழியாக ஏற்றுக்கொண்டதால், இந்தக் குறையும் எல்லோருக்கும் பொதுவாயிற்று.

அணியைக் கொடுத்து வாங்கும் இந்தப் பழக்கம் இந்தியாவில் பெரும்பாலும் ஃபோர்ட்ரான் வழியாகவே பரவியது. ஈரோட்டில் பிறந்த வி. இராசாராமன், 1960-களில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் கற்பித்ததோடு, இந்திய மாணவர்கள் பல தலைமுறையாகப் படித்த நிரலாக்கப் பாடநூல்களையும் எழுதினார். இன்றும் பொறியியல் கணக்கீட்டு நூலகங்களில் பல, மேலே பைத்தானும் அடியில் ஃபோர்ட்ரானுமாகவே ஓடுகின்றன. அங்கே காத்திருக்கும் பொறியைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்பது நல்லது.

ஓர் ஆர்டரில் மூன்று நிறம், நான்கு அளவு. வெள்ளையில் எஸ் 10, எம் 20, எல் 20, எக்ஸ்எல் 10. நேவியில் 15, 30, 30, 15. சாம்பலில் 5, 10, 10, 5. மொத்தம் 180 பீஸ். சி மொழி இதை வரி வரியாக வைக்கும்: 10, 20, 20, 10, 15, 30, 30, 15, 5, 10, 10, 5. ஃபோர்ட்ரான் அதே நினைவகத்தைப் பத்தி பத்தியாகப் படிக்கும். முதல் மூன்று எண்களை எஸ் பத்தி என்று எடுத்துக்கொள்வதால் வெள்ளை எஸ் 10, நேவி எஸ் 20, சாம்பல் எஸ் 20 என்று கிடைக்கும். சாம்பலில் கேட்டது 5, வெட்டப்போவது 20. இப்படியே எல் அளவில் வெள்ளைக்கு 30, நேவிக்கு 15, சாம்பலுக்கு 5. மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் 180 சரியாகவே நிற்கும். கூட்டுத்தொகையைச் சரிபார்க்கும் எந்த நிரலும் இதைப் பிடிக்காது. கட்டிங் மாஸ்டர் பிடித்தால்தான் உண்டு. இந்த நிலையில் ஃபோர்ட்ரான் செயற்கூறு ஓர் உறுப்பைத் திருத்தினால் சி பக்கம் வேறோர் அளவு மாறும். பைத்தானையும் ஃபோர்ட்ரானையும் இணைக்கும் எஃப்2பை கருவி இதை அறிந்தே செய்யப்பட்டது. படிக்க மட்டும் என்று சொன்ன அணி வரி வரியாக இருந்தால் நகலெடுத்துத் திருப்பி அடுக்கிக் கொடுக்கும். திருத்தவும் வேண்டும் என்று சொன்னால், அடுக்கு முறை பொருந்தாத அணியை வாங்கவே மறுத்துவிடும். மறுப்பதுதான் சரி.

ஜாவாவின் தீர்வு

இப்பொருளில் மிகத் தெளிவாக எழுதப்பட்ட ஒப்பந்தம் ஜாவாவுடையது. ஜாவாவின் முதல் பதிப்பில் சி நிரல்கள் ஜாவா பொருள்களின் உடலுக்குள்ளேயே கைவிட முடிந்தது. பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பான் பொருள்களை இடம் மாற்ற நினைத்தால் அது பெரும் தடை. 1997 பிப்ரவரியில் ஜே.டி.கே. 1.1-உடன் வந்த ஜே.என்.ஐ. என்னும் இணைப்பு முறை இந்த வழியை மூடியது. எண் அணி ஒன்று வேண்டும் என்று சி நிரல் கேட்டால், ஜாவா எந்திரம் உண்மையான அணியை அசையாமல் பிடித்துத் தரலாம், நகலும் தரலாம். எதைத் தந்தது என்பதை ஒரு கொடி சொல்லும். வேலை முடிந்ததும் சி நிரல் கணக்கு முடிக்க வேண்டும். முடிக்கும் வழி மூன்று: திருத்தத்தை எழுதிவிட்டு இடத்தை விடுவித்தல், எழுதிவிட்டு இடத்தை வைத்துக்கொள்ளும் கமிட், எழுதாமல் விடுவிக்கும் அபார்ட்.

அபார்ட் என்றால் பழைய நிலை திரும்பிவிடும் என்று நினைப்பவர் பலர். நகல் கிடைத்திருந்தால் மட்டுமே அது உண்மை. நேரே அசல் அணி கிடைத்திருந்தால் எழுதியது எழுதியதுதான். சாயத்தொட்டியில் இறங்கிய துணிக்கு அபார்ட் கிடையாது. ஒரே நிரல் ஒரு ஜாவா எந்திரத்தில் சரியாகவும் இன்னொன்றில் தவறாகவும் ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

இந்த ஒப்பந்தம் நீதிமன்றப் படியும் ஏறியது. மைக்ரோசாஃப்ட் தன் ஜாவாவில் ஜே.என்.ஐ.யைச் சேர்க்காமல் சொந்த இணைப்பு முறைகளைக் கொடுத்ததும் ஒரு குற்றச்சாட்டாக, ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் 1997 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் 2 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் ஆயிற்று.

வகைப்பாடு

நேர்ப் பகிர்வு, நகல் இரண்டும் மேலே சொல்லப்பட்டன. நகலெடுத்து வேலை முடிந்தபின் அசலில் திரும்ப எழுதுவது மூன்றாவது வகை. வெளியிலிருந்து பார்த்தால் இது நேர்ப் பகிர்வு போலவே தெரியும்; நடுவில் வேறொருவர் அசலைத் திருத்தியிருந்தால் அவர் திருத்தம் அழிந்துபோகும் என்பதே வேறுபாடு.

நான்காவது, உறை. தொகுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அழைக்கும் மொழிக்குப் பழகிய முகம் மட்டும் மேலே போர்த்தப்படும். ஸ்காலா மொழியில் ஜாவா பட்டியலை இப்படிப் போர்த்தி வாங்கினால் ஸ்காலா பக்கம் சேர்க்கும் உறுப்பு ஜாவா பக்கமும் சேரும். 2010-இன் 2.8 பதிப்பில் இந்தப் போர்வை நிரலாளர் கேட்காமலேயே தானாக விழுந்தது. வசதிதான், ஆனால் கையிலிருப்பது அசலா, நகலா, உறையா என்று நிரலைப் படித்துச் சொல்ல முடியவில்லை. வெளிப்படையாகக் கேட்டு வாங்கும் முறை பின்னர் வந்தது. தானே போர்த்தும் முறை 2019-இன் 2.13 பதிப்பில் நீக்கப்பட்டது.

ஐந்தாவது, மாறாத் தொகுப்பு. திருத்தவே முடியாததை யாருக்குக் கொடுத்தாலும் கவலை இல்லை. ஸ்காலாவின் மாறாப் பட்டியலை ஜாவா வாங்கி அதில் ஒன்றைச் சேர்க்க முயன்றால், அந்தச் செயலுக்கு ஆதரவில்லை என்ற விதிவிலக்கு எழும். தவறு நடந்த இடத்திலேயே தெரிந்துவிடுவதால் இது நல்ல முறை.

படிக்க மட்டும் என்பதை மாறாதது என்று எண்ணிக்கொள்வது பெரும் பிழை. 2016-இல் முதற்பதிப்பு வந்த காட்லின் மொழி, படிக்க மட்டுமான பட்டியல், திருத்தக்கூடிய பட்டியல் என்று இரண்டு வகை வைத்திருக்கிறது. காட்லினுக்குள் அந்த வேலி நிற்கும். ஜாவாவுக்குப் போனதும் இரண்டும் ஒரே பட்டியல்தான். எஸ், எம், எல் என்று மூன்று உறுப்புள்ள படிக்க மட்டுமான பட்டியலைக் காட்லினில் சாதாரண முறையில் உருவாக்கி ஜாவா செயற்கூறுக்கு அனுப்பினால், ஜாவா அதில் எக்ஸ்எல் சேர்க்க முயன்றால் விதிவிலக்கு எழும். எம் இருந்த இடத்தில் எக்ஸ்எல் என்று மாற்றினாலோ மறுபேச்சின்றி மாறிவிடும். அடியில் இருப்பது ஜாவாவின் நீளம் மாறாத, உறுப்பு மாறக்கூடிய பட்டியல் என்பதே காரணம்.

கடன் குறிப்பும் நீள மாற்றமும்

பைத்தானில் ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை பேர் அதைப் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு உண்டு; பூச்சியமானால் பொருள் அழிக்கப்படும். பைத்தான் பட்டியலிலிருந்து சி நிரல் ஓர் உறுப்பை வாங்கும் பழைய வழி, கணக்கில் ஏற்றாமல் கொடுப்பது. இதைக் கடன் குறிப்பு என்பார்கள். பைத்தானின் சொந்த ஆவணங்களே இதன் ஆபத்தை ஒரு கதை போல விளக்குகின்றன. சி நிரல் முதல் உறுப்பைக் கடனாக வாங்குகிறது. பிறகு இரண்டாம் உறுப்பின் இடத்தில் 0 வைக்கிறது. பழைய இரண்டாம் உறுப்பை வேறு யாரும் பிடித்திருக்கவில்லை என்றால் அது அழியும். அழியும்போது ஓடும்படி பைத்தானில் எழுதிவைத்த செயற்கூறு, அதே பட்டியலின் முதல் உறுப்பையும் நீக்கக்கூடும். சி கையில் மிஞ்சுவது காலியான முகவரி. இரண்டாவதைத் தொட்டால் முதலாவது போய்விட்டது. இத்தகைய பிழையைத் தேடி இரவு முழுக்க உட்கார்ந்தவர்களுக்கே அதன் அருமை தெரியும்.

நூறு கிலோ துணி சாயத்துக்குப் போனால் நூறு கிலோவாகத் திரும்பாது. பிராசஸ் லாஸ் கழித்து எடை போட்டுத்தான் வாங்க வேண்டும். தொகுப்பின் நீளமும் அப்படித்தான். உறுப்பை மாற்றுவதைத் தாங்கும் பகிர்வு, நீளம் மாறுவதைத் தாங்காது. நீளம் கூடினால் தொகுப்பு நினைவகத்தில் வேறிடத்துக்குக் குடிபோகலாம். பழைய முகவரியை வைத்திருப்பவர் காலி வீட்டைத் தட்டுவார். 2008-இல் வந்த பைத்தான் 2.6, 3.0 பதிப்புகளின் இடையக ஒப்பந்தம், பெப் 3118, இதற்கு எளிய வழி கண்டது: பைட் அணியை யாராவது வெளியே பிடித்திருக்கும்வரை அதன் நீளத்தை மாற்ற விடாது, முயன்றால் பிழை எழும். மேசையில் லேயர் விரித்திருக்கும்போது அடியிலிருந்து துணியை உருவக் கூடாது என்னும் அதே விதி. வெப்அசெம்பிளி நேரெதிர் வழியில் போனது. நினைவகம் வளர்ந்தால், ஜாவாஸ்கிரிப்ட் கையிலிருக்கும் பழைய காட்சி துண்டிக்கப்பட்டு அதன் நீளம் 0 என்று காட்டும்.

ஒரு மொழி தொகுப்பைச் சுற்றிவந்து கொண்டிருக்கும்போதே மற்றது அதில் சேர்ப்பதும் கழிப்பதும் தனிச் சிக்கல். ஜாவா இதைக் கண்டால் விதிவிலக்கு எழுப்பி நிற்கும். கண்டே தீரும் என்ற உறுதி அதற்குக் கிடையாது. பல இழைகள் சேர்ந்து ஓடினால் சிக்கல் பெருகும். திரெட் என்பதற்குக் கணினித் தமிழ் இழை என்று பெயர் வைத்தது. திருப்பூரில் வைத்திருந்தால் நூல் என்றிருப்பார்கள், சிக்கு விழும் என்பதும் சேர்ந்தே புரிந்திருக்கும்.

தமிழிலும் தொழில் கணக்கிலும்

தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதும் எழில் மொழியை உருவாக்கியவர் முத்தையா அண்ணாமலை. அதைப் பற்றிய அவரது ஆங்கிலக் கட்டுரை 2009-இல் வெளியானது. எழில் பைத்தானில் எழுதப்பட்டது. எழிலின் பட்டியல் அடியில் பைத்தான் பட்டியலே. அளவுகள் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு பின்இணை(அளவுகள், 10) என்று எழுதினால், பைத்தானின் இணைப்புச் செயல் அதே பட்டியலின் கடைசியில் 10-ஐச் சேர்க்கிறது. நகல் இல்லை, உறை இல்லை. நேர்ப் பகிர்வைத் தமிழ் எழுத்திலேயே கண்ணால் பார்க்க இதைவிட எளிய இடம் இல்லை.

தொழிலகங்களில் இதே கேள்வி டேலி வழியாக வருகிறது. 1986-இல் சியாம் சுந்தர் கோயங்காவும் பாரத் கோயங்காவும் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனத்தின் கணக்கு மென்பொருள் இது. இதன் சொந்த மொழியான டி.டி.எல்.லில் கலெக்ஷன் என்பது அடிப்படைச் சொற்களில் ஒன்று. உற்பத்திக் கணக்கு வேறு மொழியில் எழுதிய நிரலிலும் வரவு செலவு டேலியிலும் இருக்கும் கம்பெனியில், அந்த நிரல் வழக்கமாக 9000-ஆம் போர்ட் வழியாக எக்ஸ்.எம்.எல். கேட்டுக் கலெக்ஷனை வாங்குகிறது. வந்தது நகல். சாயப்பட்டறை லெட்ஜரின் விவரத்தை அந்த நிரலில் திருத்தினால் டேலியில் எதுவும் மாறாது. திருத்து என்ற குறிப்போடு எக்ஸ்.எம்.எல்.லைத் திரும்ப அனுப்பி ஏற்றச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஏறும் ஆல்டர் ஐ.டி. எண்ணைப் பார்த்து, நடுவில் வேறு யாராவது கை வைத்தார்களா என்று அறியலாம். ஓ.டி.பி.சி. என்னும் தரவு இணைப்பு வழி படிக்க மட்டுமே. மெதுவான முறை என்று இதைக் குறை சொல்வோர் உண்டு. தொகுப்புக்கு உரிமையாளர் ஒருவரே, மற்றவர் அவரிடம் கேட்டே திருத்த வேண்டும் என்பதில் இது உறுதியாக நிற்கிறது.

பழைய விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய நிரல்களை மாற்றுவோருக்கு ஒரு குறிப்பு: அதில் எப்படி அனுப்புவது என்று சொல்லாவிட்டால் போவது முகவரி, 2002-இன் விஷுவல் பேசிக் டாட் நெட்டில் சொல்லாவிட்டால் போவது மதிப்பு.

இன்றைய நிலை

2015-இல் முதற்பதிப்பு கண்ட ரஸ்ட், ஒரு நேரத்தில் எழுதுபவர் ஒருவர் அல்லது படிப்பவர் பலர் என்பதைத் தொகுப்பியே காக்கும்படி செய்தது. வேற்றுமொழி எல்லையில் மட்டும் அந்தக் காவல் நிரலாளரிடம் ஒப்படைக்கப்படுகிறது. 2016-இல் தொடங்கிய அப்பாச்சி ஆரோ, நெடுவரிசைத் தரவை நகலின்றிப் பல மொழிகள் படிக்க வைக்கிறது. 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13, பட்டியல் உறுப்பைக் கடனாகத் தராமல் கணக்கில் ஏற்றித் தரும் புதிய சி செயற்கூறு ஒன்றைச் சேர்த்தது. பழைய கடன் வழியும் நீக்கப்படாமல் அப்படியே இருக்கிறது.